மீந்து போன 13 மாத்திரைகள்

பெங்களூரில் எச்.ஐ.வி. ஆலோசகராக வேலைக்குச் சேர்ந்த புதிதில் மாத்திரை எண்ணுவது எனக்குப் பிடித்த வேலையாக இருந்தது. டப்பாவில் 30 மாத்திரை. மாதக் கடைசியில் மீதியை எண்ணினால் அந்த மாதம் எப்படிப் போனது என்று தெரிந்துவிடும். ஒன்றிரண்டு மீந்தால் பரவாயில்லை. அதைத் தாண்டினால் உட்கார்ந்து பேச வேண்டும்.

அன்றைக்கு அந்த அக்கா கொண்டு வந்த டப்பாவில் 13 இருந்தது.

கிருஷ்ணகிரிப் பக்கம் சொந்த ஊர். கே.ஆர். மார்க்கெட், கலாசிபாளையம் வட்டாரத்தில் பல வருடங்களாகப் பாலியல் தொழிலுக்குப் போகிறவர். தமிழில் பேசலாம் என்பதற்காகவே என் மேஜைக்கு வருவார். “ஏன்க்கா இத்தனை மீதி?” என்று கேட்டேன்.

“நீங்கதானே மேடம் சொன்னீங்க, குடிச்சா மாத்திரையைத் தொடக் கூடாதுன்னு. குடிச்ச அன்னைக்குத் தொடல.”

நான் சொன்னது உண்மைதான். மாத்திரையும் குடியும் சேரவே கூடாது என்று, குடியை விடட்டும் என்ற எண்ணத்தில், எல்லோருக்கும் அழுத்திச் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்றால் அவர் எதை விடுவார் என்று நான் யோசித்ததே இல்லை. என் பேச்சை மதித்து, 13 நாள் மாத்திரையை விட்டிருக்கிறார்.

குடி அவருக்கு எப்படி வந்தது என்பதைப் பிறகு பல நாள் பேசித்தான் தெரிந்துகொண்டேன். பாக்கெட் சாராயம் விற்ற காலத்தில் ஆரம்பித்தது. 2007 ஜூலையில் கர்நாடகத்தில் சாராயம் நின்றது. அப்புறம் மலிவு விஸ்கி டெட்ரா பேக்கில் கிடைத்தது. “முதல் கிராக்கிக்கு முன்னாடி ஒரு நைண்டி போட்டாத்தான் உடம்பு மரத்துப் போகும்” என்றார். நைண்டி என்றால் 90 மில்லி. சில கிராக்கிகள் கூட உட்கார்ந்து குடிக்கச் சொல்வார்களாம், மறுத்தால் ஆளை மாற்றிக்கொள்வார்களாம். பெரும்பாலும் வெறும் வயிறு. வேலையெல்லாம் முடிந்த பிறகுதான் சாப்பாடு. இதையெல்லாம் கெட்ட பழக்கம் என்ற ஒரே வார்த்தையில் அடைத்து வைத்திருந்தேன் நான்.

அந்தச் சமயத்தில் பலருக்கும் எஃபாவிரென்ஸ் என்ற எச்.ஐ.வி. மருந்து சேர்ந்த மாத்திரை. தலை சுற்றும், விசித்திரமான கனவு வரும், அதனால் ராத்திரி படுக்கப் போகும்போது போடச் சொல்வோம். ஒன்பது, பத்து மணிக்கு வீட்டில் படுக்கிறவர்களுக்கு அது சரியான நேரம். இவர் அப்போது தெருவில் நிற்கிறார். குடியின் கிறக்கத்தோடு மாத்திரையின் கிறக்கமும் சேர்ந்தால், வந்தவன் ஆணுறை போட்டானா, காசைச் சரியாகக் கொடுத்தானா என்று பார்க்கும் நிதானம்கூட இருக்காது. போதாததற்கு, லாட்ஜில் பை ஆடினால் டப்பா கலகலவென்று சத்தம் போடும். அதற்காக உள்ளே பஞ்சு அடைத்து வைத்திருந்தார்.

எங்கள் டாக்டரிடம் போய்க் கேட்டேன். குடித்த அன்று மாத்திரை போட்டால் அது விஷமாகிவிடாது என்றார். குடி ஈரலைக் கெடுக்கும், மறதியைக் கொண்டுவரும், அது வேறு விஷயம். ஆனால் விட்டு விட்டுப் போட்டால் வைரஸ் மருந்துக்குப் பழகிவிடும், பிறகு அந்த மருந்து வேலை செய்யாது. அந்த அக்காவின் வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் வைரஸின் அளவு, 1000-க்கு மேலே நின்றதற்குக் காரணம் அந்த விடுபட்ட நாட்கள். அதில் என் பங்கும் இருந்தது என்பதை இன்றும் மறக்க முடியவில்லை.

அன்றிலிருந்து ஒரே வாக்கியத்தைத்தான் சொல்கிறேன்: “குடிச்சாலும் மாத்திரையைப் போடுங்கக்கா.” இது குடிக்க அனுமதி கொடுப்பது போல இருக்கிறது என்று கூட வேலை பார்க்கிற சிலர் வருத்தப்பட்டார்கள். இருக்கட்டும். 2004-லிருந்து அரசு இலவசமாகக் கொடுக்கும் மருந்து இது. 2017-க்குப் பிறகு சி.டி.4 (நோய் எதிர்ப்பு செல்கள்) எண்ணிக்கை எதுவானாலும் உடனே தொடங்கலாம். இத்தனையும் செய்துவிட்டு, தவறான ஒரு வாக்கியத்தால் அந்த மருந்து டப்பாவிலேயே கிடக்கக் கூடாது.

கேட்கிற விதத்தையும் மாற்றிக்கொண்டேன். “குடிப்பீங்களா?” என்றால் “இல்ல மேடம்” என்றுதான் வரும். “நேத்து எத்தனை மணிக்குப் படுத்தீங்க, என்ன சாப்பிட்டீங்க?” என்று கேட்டால் குடியும் தானாக வந்துவிடுகிறது.

பிறகு டோலுடெக்ராவிர் என்ற வேறு எச்.ஐ.வி. மருந்து சேர்ந்த மாத்திரை வந்தது. கிறக்கம் குறைவு, எந்த நேரத்திலும் போடலாம். அக்கா தூங்கி எழுந்து டீ குடிக்கும் நேரத்தை முடிவு செய்தோம், பகல் பதினொன்று. சரி, இனி கவலையில்லை என்று நினைத்தேன். ஆனால் ராத்திரிக் குடிக்கு எழுந்ததும் வயிறு எரியும், அதற்கு வயிற்று அமிலத்தைத் தணிக்கும் மருந்தைக் குடித்துவிட்டு மாத்திரையைப் போட்டுக்கொண்டிருந்தார். இரண்டும் சேர்ந்தால் டோலுடெக்ராவிர் உடம்பில் சரியாக ஏறாது. மாத்திரை போட்டு இரண்டு மணி நேரம் கழித்து அந்த அமில மருந்தைக் குடிக்க வேண்டும், அதை முதலில் குடித்துவிட்டால் மாத்திரைக்கு ஆறு மணி நேரம் காத்திருக்க வேண்டும். குடியைப் பற்றி அவர் என்னிடம் ஒளிக்காமல் பேசியதால்தான் இதைக் கண்டுபிடிக்க முடிந்தது.

குடியைக் குறைப்பதும் பேச்சில் இருந்தது. பல வருடம் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் நடுக்கம், வலிப்புகூட வரலாம். 2020 ஊரடங்கில் கடைகள் மூடியபோது அந்தப் பயத்தில் தினமும் போன் செய்து கேட்டுக்கொண்டிருந்தேன். மருத்துவமனையில் சேர்ந்து நிறுத்தலாம் என்றால், பல இடங்களில் துணைக்கு ஒரு குடும்பத்து ஆள் வேண்டும் என்கிறார்கள். “எனக்கு யார் மேடம் வருவாங்க?” என்று கேட்டார்.

போன முறை வந்தபோது டப்பாவில் ஒன்றே ஒன்று மீதி. வைரல் லோடு ரிப்போர்ட்டில் வைரஸ் கண்டறியப்படவில்லை என்று இருந்தது. இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். ஈரல் பரிசோதனை மட்டும் நன்றாக இல்லை. அதையும் மறைக்காமல் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “ஆஸ்பத்திரிக்கு நீங்க கூட வருவீங்களா?” என்றார். வருகிறேன் என்றேன். வியாழக்கிழமை போகிறோம், பதினொரு மணி மாத்திரைக்கு அப்புறம்.