அறுபது நிமிட கேசட்டும் அரை நிமிடக் குறையும்

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று பள்ளியின் பழைய மாணவர் சங்கத்தில் கேட்டபோது, விடுதிச் சாப்பாட்டைப் பற்றி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். போன மலரிலேயே நாலு பேர் அதை எழுதிவிட்டார்கள். அந்த ரசத்தைப் பற்றி இனிமேல் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. ஆகவே, எங்கள் அறையில் மூன்று பேர் உட்கார்ந்து மெட்டல் என்கிற அதிரடி ராக் இசைக் கேசட் ஒன்றுக்கு மார்க் போட்ட கதையைச் சொல்கிறேன்.

1995, பிளஸ் ஒன். அறையில் நான், சென்னிமலையான், அந்தியூரான். விடுதியில் ஊர்தான் பேர் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தியூரானின் அண்ணன் கோவையில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தார். அவர்தான் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார்: டிரீம் தியேட்டர், இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ். பாஸ்டனில் பெர்க்லீ இசைக் கல்லூரியில் சேர்ந்த மூன்று பையன்கள் தொடங்கிய குழு, 1992இல் வந்த ஆல்பம், மொத்தம் எட்டே பாட்டு என்றார். எட்டுப் பாட்டுக்கு 57 நிமிஷமா என்று மற்ற ரெண்டு பேரும் வாயைப் பிளந்தார்கள். எனக்கு மட்டும் அது பெரிதாகத் தோன்றவில்லை. எங்கள் அப்புச்சி ஊரில் உடுக்கடிக் கதை என்றால் அண்ணன்மார் சாமிகள் சண்டைக்குப் புறப்படுவதற்கே பல ராத்திரி ஆகும்.

கோவை காந்திபுரத்தில் ஒரு ரெக்கார்டிங் சென்டரில் அறுபது நிமிட டிடிகே வெற்றுக் கேசட் ஒன்றை வாங்கிக் கொடுத்து, சிடியிலிருந்து பதியச் சொன்னோம். ஒரு வாரம் கழித்துக் கேசட் வந்தது. அட்டையில் பால்பாயின்ட் பேனாவால் பாட்டுப் பெயர்கள், ரெண்டு எழுத்துப் பிழைகளோடு.

முதல் பாட்டு புல் மீ அண்டர். எட்டு நிமிஷத்துக்கு மேல். கடைசியில் எல்லாரும் உச்சத்தில் கத்திக்கொண்டிருக்கும்போதே, கத்தியால் வெட்டினதுபோலப் பாட்டு நின்றுவிட்டது. ஒரு நொடி அமைதி. அப்புறம் மெல்ல அடுத்த பாட்டு.

"ஏமாத்திப் போட்டாண்டா," என்றான் அந்தியூரான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வார்டன் ஐயாவிடம் பல் வலி என்று பொய் சொல்லிவிட்டு, சத்தி, புளியம்பட்டி, அன்னூர் வழியாக ரெண்டரை மணி நேரம் பஸ்ஸில் போனோம். ஒருத்தனுக்குப் பல் வலி, துணைக்கு ரெண்டு பேர். கடைக்காரர் கோபப்படவே இல்லை. சிடியை எடுத்துத் துணியில் துடைத்து, உள்ளே போட்டு, முதல் பாட்டின் கடைசிக்கு ஓட்டிக் காட்டினார். அதே இடத்தில் நின்றது. சிறு திரையில் 1 என்ற எண் 2 என்று மாறியது.

"பாத்துக்கிட்டீங்களா தம்பி? அவங்களே கத்தரிச்சு வெச்சிருக்கறாங்க. நாங்க என்னுங்க பண்றது?"

தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே வந்து கரும்புச்சாறு குடித்தோம். மறுபக்கத்தை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. அது பின்னால் வரும்.

மார்க் போடும் வேலை அரையாண்டுத் தேர்வுக்கு முந்தின வாரம் நடந்தது. ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் கட்டம் போட்டு, பாட்டுக்குப் பத்து மார்க். அந்தியூரானுக்குப் புல் மீ அண்டர்தான் முதலிடம். ஆல்பத்தில் ஊருக்குத் தெரிந்த பாட்டு அது ஒன்றுதான். ஷேக்ஸ்பியர் நாடகத்து ஹாம்லெட் அப்பனைப் பறிகொடுத்த துக்கம் அந்த வரிகளில் இருப்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. இன்றைக்கு நான் அதை ஐந்தாவதாகத்தான் வைப்பேன். அந்த வெட்டு மட்டும் பத்துக்குப் பத்து.

அனதர் டே மூன்று பேருக்கும் எட்டாவது இடம். ஸ்பைரோ ஜைரா என்ற ஜாஸ் குழுவின் ஜே பெக்கன்ஸ்டைன் சாக்ஸபோன் வாசிக்க, கல்யாண மண்டபத்தில் சாப்பாட்டு நேரத்தில் ஒலிக்கிற மாதிரி இருக்கிறது என்று தள்ளிவிட்டோம். கிட்டாரிஸ்ட் ஜான் பெட்ரூச்சி தன் அப்பாவின் புற்றுநோயை நினைத்து எழுதியது என்று பிற்பாடு படித்தேன். மனசு கொஞ்சம் சங்கடப்பட்டது. ஆனாலும் இடம் மாறவில்லை. சரவுண்டட் ஆறு, அண்டர் எ கிளாஸ் மூன் ஏழு. அந்தக் கிட்டார் சோலோவுக்காகவே அதை மேலே தூக்கி வைப்பவர்கள் உண்டு. சோலோவுக்காக ஏழு நிமிஷப் பாட்டு முழுவதையும் சுமக்க எனக்குத் தெம்பில்லை. டேக் த டைம் நாலு, அதில் சண்டை கிடையாது.

சண்டை மெட்ரோபோலிஸில் வந்தது. சென்னிமலையான் வீட்டில் எட்டு விசைத்தறி. தறிச் சத்தத்தில் தூங்கி எழுந்தவன். நடுவில் பாடகர் ஒதுங்கிக்கொள்ள, மற்ற நாலு பேரும் ஆளுக்கொரு கணக்கில் ஓடுகிற அந்த நீண்ட வாசிப்பு வந்ததும் இரும்புக் கட்டிலின் விளிம்பில் விரலால் தட்டி எண்ணுவான். பதிமூன்று என்பான் ஒரு தடவை. அடுத்த தடவை வேறு எண் வரும். "இருடா, நாடா திரும்பட்டும்," என்று கேசட்டைப் பின்னுக்கு ஓட்டுவான். பக்கத்துப் பக்கத்துத் தறி ரெண்டு சேர்ந்து ஓடும்போது ஒரு நேரம் ஒத்துப்போய், ஒரு நேரம் விலகி, மறுபடி வந்து சேருமே, அதேதான் இது என்பான். நான் அவனிடம் கற்றுக்கொண்டதை எந்த இசைப் புத்தகத்திலும் கற்கவில்லை.

இன்னொன்றும் சொன்னான். "இந்த டிரம்ஸ்ல ஒரு குத்தம் இருக்குதுடா. ஸ்னேர் அத்தனை அடியும் ஒரே அச்சுல உளுகுது. மனுசன் அடிச்சா அப்படி வராது." டிரம்மர் மைக் போர்ட்னாய்க்கே அந்த ஒலி பிடிக்கவில்லை, தயாரிப்பாளர் டேவிட் ப்ரேட்டர் முன்பே பதிவு செய்து வைத்த ஸ்னேர் டிரம் ஒலியை அடிகளோடு கோத்துவிட்டார் என்பதை நான் பல வருஷம் கழித்துத்தான் படித்தேன். பிளஸ் ஒன் பையன் ஃபிலிப்ஸ் டேப் ரெக்கார்டரில் கண்டுபிடித்தது அது.

வார்டன் ஐயா ஒரு நாள் கதவருகே வந்து நின்றார். மெட்ரோபோலிஸ் ஓடிக்கொண்டிருந்தது. முழுசாக மூன்று நிமிஷம் கேட்டார்.

"ஏண்டா கண்ணுகளா, இதுல பாட்டு எப்ப வரும்?"

வெயிட் ஃபார் ஸ்லீப் அவருக்கும் பிடித்தது. ரெண்டரை நிமிஷம், பியானோவும் குரலும்தான். கீபோர்டு வாசிக்கும் கெவின் மூர் எழுதியது. அதற்கு நாங்கள் தனியாக மார்க் போட்டது தப்பு. அந்தப் பியானோ மெட்டு அடுத்த பாட்டான லேர்னிங் டு லிவ்வின் உள்ளே மறுபடி எட்டிப் பார்க்கும். திண்ணைக்குத் தனி விலை, வீட்டுக்குத் தனி விலை என்று யாராவது பேசுவார்களா?

லேர்னிங் டு லிவ் என் முதலிடம். பதினொன்றரை நிமிஷம். பேஸ் வாசிக்கும் ஜான் மியுங் எழுதிய வரிகள், எய்ட்ஸ் காலத்துப் பயத்தை வைத்து. நடுவில் பாடகர் ஜேம்ஸ் லப்ரி ஒரு உச்சத்துக்குப் போவார். அந்த இடத்தில் எங்கள் டேப் ரெக்கார்டர் ஸ்பீக்கர் கரகரக்கும். பாட்டின் முடிவில் பேஸ் உருள, கூடவே குரல்கள் சேர, திடுக்கென்று நின்றுவிடும். புல் மீ அண்டர் போலவே. தொடங்கின மாதிரியே முடிக்கிறார்கள் பார், வாழக் கத்துக்கறது பாதியில்தானே நிற்கும் என்று சென்னிமலையான் விளக்கம் கொடுத்தான். அதற்காகவே நான் பத்துக்குப் பத்து போட்டேன்.

2003இல் சிங்கப்பூரில் முதல் சம்பளத்தில் அந்த சிடியை வாங்கினேன். கடைசிப் பாட்டு வந்தது. நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. பேஸும் குரல்களும் மெல்ல மெல்லத் தேய்ந்து, வெகுநேரம் போய்க்கொண்டே இருந்து அடங்கின. அட்டையில் நேரங்களைக் கூட்டிப் பார்த்தேன். பின் நாலு பாட்டும் சேர்ந்து 30 நிமிஷம் 36 விநாடி. கேசட்டின் ஒரு பக்கம் 30. நாடா தீர்ந்துபோயிருக்கிறது, அவ்வளவுதான். நாடா கத்தரிக்காத பாட்டுக்காகக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போனோம். நாடா கத்தரித்த பாட்டுக்கு உட்கார்ந்து தத்துவம் பேசினோம்.

என் பட்டியலில் அது ரெண்டாவதாக இறங்கியது. மெட்ரோபோலிஸ் முதலிடத்துக்கு வந்தது. எட்டு வருஷம் கழித்துச் சென்னிமலையான் ஜெயித்தான்.

அவனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். பின்னால் தறி ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"அந்த அரை நிமிசத்த நீயே வெச்சுக்கடா," என்றான். "என்றகிட்ட அந்தக் கேசட்டு இன்னும் ஓடுது."