பிரிட்னியின் அரை மணி நேரங்கள்

அக்டோபர் 19, 2023, வியாழன்

அமெரிக்க பாப் பாடகி பிரிட்னி ஸ்பியர்ஸ் எழுதிய சுயசரிதை 24ஆம் தேதிதான் கடைக்கு வருகிறது. அதற்குள் ஒரு அமெரிக்கப் பத்திரிகையில் வெளியான சில பகுதிகளை வைத்தே இந்த வாரம் முழுக்க ஊருக்குப் பொழுது போகிறது. பாடகர் ஜஸ்டின் டிம்பர்லேக்கைக் காதலித்த காலத்தில் கருக்கலைப்பு செய்துகொண்டது பற்றி எழுதியிருக்கிறார் இல்லையா, எதைத் திறந்தாலும் அதுதான் தலைப்பு. ஆகஸ்டில் கணவர் சாம் அஸ்காரி விவாகரத்து மனு போட்டபோதும் இதே கூத்துதான் நடந்தது.

நான் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்க்கிறவன். பெரும்பாலும் விளம்பரங்களுக்கு மிக்ஸிங், நடுநடுவே டப்பிங். அவர் யாரைக் கட்டினார், யாரை விட்டார் என்பதைவிட 2007இல் அவர் போட்ட 'பிளாக்அவுட்' ஆல்பம்தான் எனக்கு முக்கியம். அந்த வருடம் அவரைப் பற்றி வந்த செய்திகளை எல்லாம் கொட்டினால் ஒரு கிடங்கு நிறையும், ஆல்பத்தின் சத்தத்தைப் பற்றி வந்தது ஒரு மேஜை டிராயருக்குள் அடங்கிவிடும். சரி, திரும்பக் கேட்டுக்கொண்டே குறித்து வைப்போம் என்று இருக்கிறேன். 12 பாட்டு, மொத்தமே முக்கால் மணி நேரம் இல்லை.

அக்டோபர் 21, சனி

2007ஐ வரிசையாக எழுதிப் பார்த்தேன். அதற்கு முந்தைய நவம்பரில் அப்போதைய கணவர் கெவின் ஃபெடர்லைனிடமிருந்து விவாகரத்து கேட்டு மனு போடுகிறார், அப்போது மூத்தவனுக்கு ஒரு வயது தாண்டியிருக்கிறது, சின்னவன் பிறந்து இரண்டு மாதம். பிப்ரவரி 16 ராத்திரி லாஸ் ஏஞ்சல்ஸின் டார்ஸானா பகுதியில் ஒரு சலூனுக்குள் போய்த் தானே மெஷினை எடுத்து மொட்டை அடித்துக்கொள்கிறார், வெளியே கண்ணாடி வழியாக கேமராக்கள் எடுத்துத் தள்ளுகின்றன. ஐந்தே நாளில் ஒரு போட்டோகிராஃபரின் காரைக் குடையால் அடிக்கிறார். அப்புறம் மாலிபுவில் ஒரு மறுவாழ்வு மையம். ஏப்ரலில் வெகுநாள் மேனேஜர் லாரி ருடால்ஃபை அனுப்பிவிடுகிறார், புதிதாக வந்த மேனேஜ்மென்ட் கம்பெனி சில வாரங்களிலேயே, செப்டம்பரில், கழன்றுகொள்கிறது. அக்டோபர் 1, பிள்ளைகளை அப்பாவிடம் ஒப்படைக்கச் சொல்லி நீதிமன்ற உத்தரவு. அக்டோபர் 11, பாட்டுகளை முன்கூட்டியே இணையத்தில் விட்டதாக பெரெஸ் ஹில்டன் என்ற பிளாகர் மீது ரெக்கார்டு கம்பெனியின் வழக்கு. பாட்டுகள் இப்படிக் கசிந்துகொண்டே இருந்ததால் நவம்பர் 13 என்று வைத்திருந்த வெளியீட்டை அக்டோபர் 30க்கு இழுத்துவிட்டார்கள்.

இது எல்லாருக்கும் தெரிந்த பட்டியல். ரெக்கார்டிங் நடந்த நாள் ஒன்றுகூட இதில் இல்லை, கவனித்தீர்களா? வேலை 2006லேயே, அவர் இரண்டாவது பிள்ளையை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தபோதே, தொடங்கியாயிற்று. பிரசவம் ஆன சில வாரங்களில் அவர் திரும்ப மைக் முன்னால் நின்றதையும், அந்த உழைப்பைப் பார்த்துத் தானே அசந்துபோனதையும் தயாரிப்பாளர் டேஞ்சா பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். சலூன் வாசலில் நின்ற கேமராக்காரர்கள் ஸ்டுடியோ வாசலிலும் நின்றார்கள்தான். ஆனால் உள்ளே நடந்ததற்குச் சந்தையில் விலை இல்லை. மொட்டைத் தலை படத்துக்கு இருந்தது. எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம்.

அக்டோபர் 22, ஞாயிறு

இன்று ஆல்பத்தின் முதல் பாட்டு 'கிம்மி மோர்' மட்டும், நல்ல ஹெட்போனில்.

முதல் சில நொடிகளில் தன் பெயரைச் சொல்லிக்கொண்டு ஒரு வசைச்சொல்லோடு உள்ளே வருகிறார், அது எல்லாருக்கும் தெரியும். எனக்குப் பிடித்தது கடைசி நிமிடம். டேஞ்சா பேச ஆரம்பித்து, இப்படி ஒன்று வரும் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்க மாட்டீர்கள் என்கிற தோரணையில் மூன்று பெயர்களை அறிவிக்கிறார்: லாகோ, பிரிட்னி, அப்புறம் தான். லாகோ என்பது மார்செல்லா அரைக்கா, பாட்டைப் பதிவு செய்து மிக்ஸ் செய்த இன்ஜினியர்! ஒரு சவுண்டு இன்ஜினியர் பெயரைப் பாட்டுக்குள்ளேயே, அதுவும் நட்சத்திரத்தின் பெயருக்கு முன்னால் சொல்கிற பாட்டு இது. எங்கள் தொழிலில் டைட்டில் கார்டில் பெயர் எழுத்துப்பிழை இல்லாமல் வந்தாலே அன்றைக்கு டீ நம் செலவு.

கீழே ஓடுகிற பேஸ் அழுக்காக, அடர்த்தியாக இருக்கிறது. குரலை அங்கங்கே துண்டுபோட்டு, சுருதியை இறக்கி, தாளத்தோடு தாளமாக்கிவிட்டார்கள். டேஞ்சா, பெரிய தயாரிப்பாளரான டிம்பலாண்டின் சிஷ்யர், அதற்கு முந்தைய வருடம்தான் டிம்பர்லேக்கின் ஆல்பத்தில் வேலை செய்து பெயர் வாங்கியிருந்தார். முன்னாள் காதலனின் ஆளையே கூட்டி வந்து, அவனுக்குச் செய்ததைவிடக் கறுப்பான சத்தத்தை வாங்கியிருக்கிறார் பிரிட்னி. இதைக் கிசுகிசுவாக எழுதக்கூட அப்போது ஆள் இல்லை!

இந்தப் பாட்டோடுதான் செப்டம்பர் 9ஆம் தேதி லாஸ் வேகாஸில் எம்டிவி விருது மேடைக்கு வந்தார். நடனம் தளர்வாக இருந்தது, உதடு பாட்டோடு ஒட்டவில்லை. மோசமான நிகழ்ச்சிதான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மறுநாள் எழுதியவர்களில் பாதிப் பேர் நடனத்தை விட்டுவிட்டு வயிற்றைப் பற்றி எழுதினார்கள். ஒரு வருடத்துக்கு முன் பிள்ளை பெற்ற 25 வயதுப் பெண்ணின் வயிறு. அவர் இறங்கியதும் மேடைக்கு வந்த நகைச்சுவை நடிகை சாரா சில்வர்மேன் அந்தப் பிள்ளைகளையே வைத்து ஜோக் அடித்தார். இத்தனைக்கும் நடுவில் பாட்டு அமெரிக்கப் பட்டியலில் 3ஆம் இடம் வரை போனது.

அக்டோபர் 24, செவ்வாய்

புத்தகம் வந்துவிட்டது. ஒலிப்புத்தகத்தை நடிகை மிஷெல் வில்லியம்ஸ் வாசித்திருக்கிறார், முன்னுரை மட்டும் பிரிட்னியின் சொந்தக் குரல். டிம்பர்லேக் பேசுகிற மாதிரி மிஷெல் பேசிக் காட்டுகிற சின்னத் துண்டு ஒன்று எல்லார் போனிலும் சுற்றிக்கொண்டிருக்கிறது. பிரமாதமாகத்தான் பேசியிருக்கிறார்.

நான் நேராக 'பிளாக்அவுட்' பகுதிக்குப் போனேன். போட்டதிலேயே சுலபமாகவும் நிறைவாகவும் அமைந்த ஆல்பங்களில் அது ஒன்று என்கிறார். ஸ்டுடியோவுக்குள் போய் அரை மணி நேரம் பாடிவிட்டுக் கிளம்பிவிடுவாராம். ஒரே இடத்தில் அதற்கு மேல் இருந்தால் வெளியே போட்டோகிராஃபர்கள் பெருகிக்கொண்டே போவார்கள், அதனால் உள்ளே போவதும் வெளியே வருவதும் வேகமாக நடந்தாக வேண்டும்.

இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அரை மணி நேரம் என்றால் என்னவென்று என் தொழிலில் இருக்கிறவனுக்குத் தெரியும். தொண்டை திறக்கவே பத்து நிமிடம் ஆகும். ஹெட்போனில் தன் குரல் போதவில்லை, மியூசிக் அதிகம் என்று சரிசெய்ய இன்னும் கொஞ்சம். மிச்சம் இருப்பதில் நாலைந்து டேக். அந்த ஆல்பத்தில் குரல்கள் ஏன் அவ்வளவு சின்னச்சின்னத் துண்டுகளாக, மூச்சும் முனகலும் ஒற்றை வார்த்தையுமாக அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. கிடைத்த சரக்கை வைத்துக் கட்டியிருக்கிறார்கள், கட்டியவர்கள் கெட்டிக்காரர்கள். "இதில் அவர் எங்கே பாடியிருக்கிறார், எல்லாம் மெஷின்தானே" என்று இன்றுவரை சொல்கிறவர்கள், அந்த மூச்சை எந்த இடத்தில் விட வேண்டும் என்று மெஷினுக்குத் தெரியாது என்பதை யோசிப்பதில்லை.

குடைச் சம்பவத்தையும் எழுதியிருக்கிறார். அதற்குக் கொஞ்சம் முன்புதான் பிள்ளைகளைப் பார்க்க ஃபெடர்லைன் வீட்டுக்குப் போய், பார்க்க முடியாமல் திரும்பியிருக்கிறார். மொட்டை பற்றிச் சொல்வதும் எனக்குப் புதிதாகப் படவில்லை: சின்ன வயதிலிருந்து எல்லாரும் தன் உடம்பை எடைபோட்டுக்கொண்டே இருந்ததற்கு, அது திருப்பிக் கொடுத்த பதில்.

அக்டோபர் 26, வியாழன்

இன்று வேலையை முடித்துக் கொடுக்கிற நாள், ராத்திரி பதினொன்றுக்குத்தான் கேட்க முடிந்தது. 'பீஸ் ஆஃப் மீ' ஒன்றுதான்.

எழுதித் தயாரித்தவர்கள் ஸ்வீடன்காரர்கள், பிளட்ஷை அண்ட் அவாண்ட் இரட்டையர், கூட கிளாஸ் ஆலுண்ட். இதே இரட்டையர்தான் 'டாக்ஸிக்' செய்தவர்கள். பின்குரல் கொடுத்திருப்பது பாடகி ராபின். பத்திரிகைகள் தனக்கு வைத்த பட்டப்பெயர்களை எல்லாம் தானே வரிசையாகச் சொல்லிக்கொண்டு, சரி, என்னில் ஒரு துண்டு வேண்டுமா என்று கேட்கிற பாட்டு. வரிகள் பிரிட்னி எழுதியதில்லை. அதனால் இது அவருடைய பாட்டில்லை என்று ஒரு நண்பன் இன்று வாட்ஸ்அப்பில் வாதாடினான். அடே, பாடகர்கள் மற்றவர்கள் எழுதியதைப் பாடுவதும், அது அவர்கள் பாட்டாகிவிடுவதும் நம் ஊரில் பிறந்தவனுக்கா நான் சொல்லித் தர வேண்டும்?

குரலில் அவர்கள் செய்திருக்கிற வேலைதான் விஷயம். சுருதியை ஏற்றி இறக்கி, சில இடங்களில் ரோபோ மாதிரி, சில இடங்களில் ஆண் குரல் மாதிரி ஆக்கியிருக்கிறார்கள். எது பிரிட்னி, எது ராபின் என்று ஒரு கட்டத்தில் பிடிபடாது. ஊரெல்லாம் தன் முகத்தைப் படமெடுத்துக்கொண்டிருந்த காலத்தில் ஒரு பாடகி தன் குரலை இப்படி ஒளித்துவைக்கிறார். கோபமான பாட்டு, ஆனால் ஒரு இடத்தில்கூடக் குரல் உயரவில்லை.

ஆல்பத்தின் அட்டைப் படம் எனக்கு என்றைக்குமே பிடித்ததில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கறுப்பு விக், ரோஸ் தொப்பி, பின்னால் கட்டம்கட்டமாக ஏதோ டிசைன். உள்ளே பாவமன்னிப்புக் கூண்டில் பாதிரியாரோடு எடுத்த படங்களுக்கு அமெரிக்கக் கத்தோலிக்க அமைப்பு ஒன்று கண்டனம் தெரிவித்தது. அந்தப் பரபரப்பு ஆல்பத்துக்குத் தேவையே இல்லை.

அக்டோபர் 30, திங்கள்

வெளியாகி 16 வருடம். முழுதாக ஒரு முறை ஓடவிட்டேன்.

முதல் வாரக் கதை வேடிக்கையானது. அதற்கு முந்தைய நான்கு ஆல்பங்களும் அமெரிக்காவில் நேராக முதலிடத்தில் வந்து உட்கார்ந்தவை. 'பிளாக்அவுட்' 2,90,000 பிரதிகள் விற்றது. அதே வாரம் ஈகிள்ஸ் என்ற ராக் குழுவின் ஆல்பம் 7,11,000 விற்றிருந்தது, ஆனால் அவர்கள் வால்மார்ட் கடைகளில் மட்டும்தான் விற்றார்கள். ஒரே கடைக்கென்று வருகிற ஆல்பங்களை, விற்பனைப் பட்டியல் போடுகிற பில்போர்டு பத்திரிகை தன் முதன்மைப் பட்டியலில் சேர்ப்பதில்லை என்பது அதுவரை இருந்த விதி. சரியாக அந்த வாரத்தில் விதியை மாற்றினார்கள். ஈகிள்ஸ் முதலிடம், பிரிட்னி இரண்டாமிடம். கணக்குப்படி பார்த்தால் மாற்றம் நியாயமானதுதான், அதிகம் விற்றவன் முதலில் வரட்டும். ஆனால் 'முதலிடம் தவறிய பிரிட்னியின் முதல் ஆல்பம்' என்ற தலைப்பு அவர் கழுத்தில் விழுந்தது.

பாட்டுகளில் எனக்கு ஒத்துவராதவையும் உண்டு. 'பெர்ஃபெக்ட் லவர்' வெறும் நிரப்பல். 'கெட் நேக்கட்' பாதியோடு முடிந்திருக்கலாம். ஆனால் 'ஃப்ரீக்‌ஷோ'வில் அந்தத் தள்ளாடும் பேஸைக் கேளுங்கள், லண்டன் கிளப்புகளில் இருந்த டப்ஸ்டெப் என்ற எலக்ட்ரானிக் நடன இசையின் சத்தத்தை அமெரிக்க பாப் நட்சத்திரம் ஒருவர் 2007லேயே தொட்டிருக்கிறார். கடைசியில் ஃபாரெல் வில்லியம்ஸ் தரப்பு செய்துகொடுத்த 'வை ஷுட் ஐ பீ ஸாட்', கணவனுக்கு விடைகொடுக்கிற பாட்டு, அழுகை இல்லாமல், கொஞ்சம் தோளைக் குலுக்கிக்கொண்டு. பிரிட்னியின் பெயர் எக்ஸிக்யூட்டிவ் புரொடியூசர் என்று வந்திருப்பது இந்த ஒரு ஆல்பத்தில்தான்.

நவம்பர் 2, வியாழன்

நண்பன் விடவில்லை. "நீ என்னதான் சொன்னாலும் அவருடைய உண்மையான ரீ-என்ட்ரி 'சர்க்கஸ்' ஆல்பம்தானே" என்கிறான். அப்போது எல்லாரும் அப்படித்தான் எழுதினார்கள். 2008 டிசம்பர் 2, அவருடைய 27ஆவது பிறந்தநாளன்று வந்தது. முதல் வாரம் ஐந்து லட்சத்துக்கு மேல், முதலிடம். டிவியில் பளபளப்பாகத் தோன்றினார், உலகச் சுற்றுப்பயணம் அறிவித்தார். தேறிவிட்டார் என்று பத்திரிகைகள் பெருமூச்சு விட்டன. அதே வருட ஜனவரியில், 26 வயதுக்காரிக்கு இரங்கல் செய்தியை முன்கூட்டியே எழுதி வைக்கத் தொடங்கியிருந்தது ஏ.பி. செய்தி நிறுவனம்.

இடையில் நடந்தது இது: 2008 பிப்ரவரி 1 முதல் அவர் நீதிமன்றப் பாதுகாவலின் கீழ். அவருடைய பணமும் மருத்துவமும் வேலையும் அப்பா ஜேமி ஸ்பியர்ஸ் தரப்பின் கையில். தனக்கு வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமைகூட இல்லை, வந்த வக்கீலை நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆக, தன் இஷ்டப்படி செய்த ஆல்பம் வந்தபோது பைத்தியம் என்றார்கள், ஒரு கையெழுத்துப் போடவும் உரிமை இல்லாமல் செய்த ஆல்பத்துக்கு வாழ்த்துச் சொன்னார்கள். 2007இல் அவர் நலமாக இருந்தார் என்று நான் சாதிக்க வரவில்லை. அதற்கு ஒரு ஆல்பம் சாட்சி ஆகாது, ரசிகர்கள் சிலர் அந்த அளவுக்குப் போகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நான் கேட்பது வேறு. நலமில்லாதவர் என்று கோர்ட்டில் சொல்லி ஒருவரை அடைத்துவைத்துவிட்டு, அவரையே வருடக்கணக்காக மேடை ஏற்றிச் சம்பாதிக்கலாம் என்றால் அந்த நலமின்மை யாருக்கு வசதியாக இருந்தது?

2013 கடைசியிலிருந்து 2017 கடைசி வரை லாஸ் வேகாஸில் நான்கு வருடம் தொடர்ந்து மேடையேறினார். அந்த நிகழ்ச்சிக்கு வைத்த பெயர் 'பீஸ் ஆஃப் மீ'. யாருக்குத் தோன்றியதோ! 2021 ஜூன் 23 அன்று நீதிபதியிடம் போனில் அவர் பேசிய பதிவு வெளியே வந்தது, இருபது நிமிடத்துக்கு மேல், மூச்சுவிடாமல், வேகவேகமாகப் பேசியிருப்பார். அந்த நவம்பரில்தான் பாதுகாவல் முடிவுக்கு வந்தது.

நண்பனுக்கு அந்தப் பதிவையும் 'சர்க்கஸ்' வெளியான தேதியையும் அனுப்பியிருக்கிறேன். நீலடிக் விழுந்துவிட்டது, பதிலைக் காணோம். டிம்பர்லேக் இன்ஸ்டாகிராமில் கமென்ட் பகுதியைப் பூட்டிவிட்டாராம், அந்தச் செய்தியை மட்டும் திருப்பி அனுப்பியிருக்கிறான்.