பூஜ்யம் என்றால் தோல்வி

நேற்று இரவு 212 வரி நிரலை அழித்தேன். புதிதாக ஒரு வரிகூட எழுதவில்லை. காலையில் அம்மா, "இரண்டு மணி வரை விளக்கு எரிந்ததே, என்னடா செய்தாய்?" என்றாள். சொன்னேன். "அழிப்பதற்கா அவ்வளவு நேரம்?" என்று கேட்டுவிட்டுக் காபியை வைத்துவிட்டுப் போனாள். அவளுக்குச் சொல்லாத பதிலை இங்கே எழுதுகிறேன்.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் ஸ்டேஜிங் என்று ஒரு கோப்பகம் உண்டு. கெர்னலைப் பராமரிப்பவர்களில் ஒருவரான கிரெக் குரோவா ஹார்ட்மேன் 2008இல் தொடங்கியது. வீட்டின் பின்கட்டு மாதிரி. அடிபிடித்த பாத்திரங்களை அங்கேதான் போட்டு வைப்பார்கள். தேய்த்துக் கழுவிய பிறகு உள்ளே வரலாம். பாத்திரம் என்பது இங்கே டிரைவர், ஒரு வன்பொருளை இயக்கும் நிரல். ஒவ்வொரு டிரைவருடனும், என்னென்ன செய்தால் உள்ளே வரலாம் என்று ஒரு பட்டியல் கிடக்கும். பல பாத்திரங்கள் வருடக்கணக்கில் அங்கேயே கிடக்கின்றன. நான் தேய்த்துக்கொண்டிருப்பது 8723பிஎஸ் என்ற வைஃபை சிப்புக்கான டிரைவர். 2017இல் பின்கட்டுக்கு வந்தது. ஒரு காலத்தில் மலிவு விலையில் குவிந்த, இன்டெலின் 'ஆட்டம்' செயலி கொண்ட மடிக்கணினிகளிலும் டேப்லெட்டுகளிலும் இந்தச் சிப்தான் இருக்கும்.

சிப் தயாரிப்பவர்கள் ஒரே நிரலை எல்லா இயங்குதளத்துக்கும் எழுதிவிடுகிறார்கள். அதனால் கோப்புகள் 'கோர்', 'ஹால்', 'ஓஎஸ் டெப்' என்று மூன்று அடுக்காகக் கிடக்கும். கெர்னலே நினைவகம் ஒதுக்கித் தரும்போது அதன்மேல் ஓர் உறை, அந்த உறைக்கு இன்னோர் உறை. நினைவக முகவரியைக் காட்டும் சுட்டி மாறிகள் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு 'பி': பி அடாப்டர், பி எம்எல்எம்இ பிரைவ், பி ரிசீவ் பிரைவ். படித்து முடிப்பதற்குள் உதடு ஒட்டிக்கொள்ளும். யாரும் எப்போதும் இயக்காத அமைப்புகளுக்குள் அடைபட்ட நிரல் இருக்கும். இந்தச் சிப்புக்கே சம்பந்தமில்லாத, அதன் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பிச் சிப்புகளுக்கான நிரலும் இருக்கும். நேற்று நான் அழித்த 212 வரிகள் அந்த வகை.

இதைவிடப் பெரிய சங்கடம், வைஃபை நெறிமுறையையே டிரைவர் தன் வயிற்றுக்குள் சுமப்பது. ரவுட்டரைத் தேடுவது, சேர்வது, பிரிவது, எல்லாம் சொந்தச் சமையல். 2006இல் டிவைஸ்ஸ்கேப் என்ற நிறுவனம் இந்த வேலைகளைப் பொதுவாகச் செய்யும் தன் வைஃபை நிரலடுக்கைத் திறந்த மூலமாகக் கொடுத்தது. அது வளர்ந்து 'மேக்80211' என்ற பெயரில் 2007இல், 2.6.22 பதிப்பில் கெர்னலுக்குள் வந்தது. அதற்குப் பிறகு இந்தச் சிப்பைப் போன்றவற்றின் டிரைவர்கள் இதைத் தாமே எழுதத் தேவையே இல்லை. ஆனாலும் எழுதினார்கள்.

புதிதாக வருகிறவர்கள் இதையெல்லாம் தொட மாட்டார்கள். செக்பேட்ச் என்ற கருவியை ஓட்டி, அது காட்டும் எழுத்துநடைப் பிழைகளைத் திருத்தி அனுப்புவார்கள். நானும் அப்படித்தான் வந்தேன். ஒரு வரி 80 எழுத்தைத் தாண்டினால் அது முன்பெல்லாம் முறைக்கும். 2020இல் 100 என்று தளர்த்தினார்கள். எனவே ஒருவர் உடைத்த வரியை மற்றொருவர் ஒட்டிய அழகையும் பார்த்திருக்கிறேன். இருவருக்கும் கணக்கில் ஆளுக்கொரு பேட்ச், அதாவது கெர்னலுக்கு அனுப்பிய ஒரு மாற்றம்.

நான் மாட்டிக்கொண்டது வேறிடத்தில். கெர்னல் வழக்கப்படி ஒரு ஃபங்ஷன், அதாவது ஒரு வேலைக்கென்று எழுதிய நிரல் துண்டு, அந்த வேலையைச் சரியாக முடித்தால் பூஜ்யத்தைத் திருப்பித் தரும். தவறினால் மைனஸ் எண். நினைவகம் கிடைக்காவிட்டால் மைனஸ் 12, இப்படி. இந்த டிரைவரில் தலைகீழ்: வெற்றி என்றால் 1, தோல்வி என்றால் 0. இரண்டு வழக்கமும் ஒரே கோப்பில் கலந்து கிடக்கும். கீழே ஒருவர் 'ஆம்' என்று தலையை இப்படி ஆட்டுகிறார், மேலே இருப்பவருக்கு அது 'இல்லை' என்று படுகிறது.

அப்படி ஒரு ஃபங்ஷனைக் கெர்னல் வழக்கத்துக்கு மாற்றினேன். அதை அழைக்கும் ஐந்து இடங்களையும் மாற்றினேன். ஆறாவது இடம் வேறு கோப்பில் இருந்தது. இரண்டுமே வெறும் முழு எண் என்பதால், நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றும் கம்பைலர் மூச்சு விடவில்லை. பூஜ்யம் வந்தால் அந்த ஆறாவது இடம் 'தோல்வி' என்று புரிந்துகொண்டு பாதியில் வெளியேறும். மைனஸ் 12 வந்தாலோ பூஜ்யம் இல்லையே என்று மகிழ்ச்சியாக மேலே போகும். மடிக்கணினியைத் தூக்கத்திலிருந்து எழுப்பும் பாதையில் இருந்தது அந்த இடம். புதிதாக இயக்கினால் வைஃபை வரும். மூடியை மூடித் திறந்தால் வராது.

பேட்சின் விளக்கத்தில் "செயல்பாட்டில் மாற்றம் எதுவும் இல்லை" என்று வேறு எழுதியிருந்தேன்.

முகம் தெரியாத ஒருவர் தன் பழைய டேப்லெட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டு மூன்று வரியில் பதில் போட்டார். முதல் இரண்டு வரி, என்ன நடக்கிறது என்பது. மூன்றாவது வரி: எந்தக் கருவியில் சோதித்தீர்கள்? எதிலும் சோதிக்கவில்லை. என்னிடம் அந்தச் சிப்பே இல்லை. கம்பைல் ஆனது, அனுப்பிவிட்டேன். அந்த மூன்றாவது வரியில் திட்டே கிடையாது. அதனால்தான் இன்னும் காதில் ஒலிக்கிறது.

அடுத்த சனிக்கிழமை, சென்னையில் மின்னணுப் பொருள்கள் விற்கும் ரிச்சி தெருவுக்குப் போனேன். இரண்டு ஜிபி நினைவகம், 32 ஜிபி சேமிப்பகம், ஆட்டம் செயலி, மூலை உடைந்த ஒரு மடிக்கணினி 2,200 ரூபாய்க்குக் கிடைத்தது. கடைக்காரர், "இது ஒன்றுக்கும் ஆகாது சார், வேறு நல்லதாகத் தருகிறேன்" என்று மூன்று முறை சொல்லிப் பார்த்தார். உள்ளே 8723பிஎஸ் இருக்கிறதா என்று கேட்டதும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். வீட்டுக்கு வந்ததும் இன்னொரு கூத்து. செயலி 64 பிட், கணினியை எழுப்பும் நிரலான யூஇஎஃப்ஐ 32 பிட். லினக்ஸ் நிறுவுவதற்கே அரை நாள் போயிற்று.

இந்தச் சிப்பை நான் விடாததற்கு இன்னொரு பழைய எரிச்சலும் உண்டு. 8188இயு என்று யுஎஸ்பி வைஃபை சிப் ஒன்று. அதன் டிரைவரை 2013இல் ஸ்டேஜிங்குக்குக் கொண்டுவந்தவர் லாரி ஃபிங்கர். 2021இல் அதை எடுத்துவிட்டு, தயாரிப்பாளரின் இன்னொரு பதிப்பை வைத்துப் புதிதாகத் தேய்க்கத் தொடங்கினார்கள். நூற்றுக்கணக்கான பேட்சுகள். என்னுடையவை பதினேழு. 2023இல் அந்த டிரைவரையே தூக்கி எறிந்தார்கள். மேக்80211ஐ ஒட்டி முறையாக எழுதப்பட்ட 8எக்ஸ்எக்ஸ்எக்ஸ்யு என்ற வேறொரு டிரைவர் அந்தச் சிப்போடும் பேசக் கற்றுக்கொண்டுவிட்டது. முடிவு சரிதான். என் பதினேழில் பதினான்கு, இடைவெளியும் அடைப்புக்குறியும் திருத்தியவை. அவை போனதில் யாருக்கும் நட்டமில்லை. ஆனாலும் அன்று இரவு சாப்பிடப் பிடிக்கவில்லை.

லாரி ஃபிங்கரைப் பற்றி ஒரு வார்த்தை. 2005 வாக்கில், பிராட்காம் நிறுவனத்தின் வைஃபை சிப்புகளை லினக்ஸில் ஓட வைத்த கூட்டத்தில் சேர்ந்தவர். ஓய்வுபெற்றவர், இதற்காக யாரும் அவருக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. கெர்னலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பேட்சுகள் அவர் பெயரில் இருக்கின்றன. புதிய மடிக்கணினி வாங்கி வைஃபை வராமல் திண்டாடியவர்களுக்கு, முதல் முறை கேட்பவரைப் போலவே நூறாவது ஆளுக்கும் பதில் எழுதினார். 2024 ஜூனில், 84 வயதில் காலமானார். பழைய கோப்புகளைத் திறக்கும்போது அவர் பெயர் வந்துகொண்டே இருக்கிறது.

நேற்றைய 212 வரிகளுக்கு வருகிறேன். அவற்றை ஆறு பேட்சுகளாகப் பிரித்தேன். ஒவ்வொன்றும் தனியே கம்பைல் ஆக வேண்டும், ஒவ்வொன்றும் ஒரே ஒரு காரியம் செய்ய வேண்டும். நாளைக்கு ஏதாவது உடைந்தால், ஆயிரம் மாற்றங்களுக்கு நடுவே குற்றவாளியைப் பாதி பாதியாகப் பிரித்துப் பத்தே சோதனையில் பிடித்துவிடலாம். ஒரு மாற்றத்துக்குள் நான் ஆறு காரியங்களைத் திணித்திருந்தால் அந்த வசதி போய்விடும். பிரிப்பதற்குத்தான் இரண்டு மணி வரை ஆயிற்று.

பிறகு மூலை உடைந்த மடிக்கணினியில் ஏற்றி, தானே தூங்கித் தானே எழும்படி ஒரு கட்டளையைச் சுழலவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால், ஐம்பது முறையில் நாற்பத்தொன்பது முறை வைஃபை வந்திருக்கிறது. முப்பத்திரண்டாவது முறை வரவில்லை. பேட்சுகளை எடுத்துவிட்டு அதே ஐம்பதை இப்போது மறுபடி ஓடவிட்டிருக்கிறேன். பதினெட்டு ஆகியிருக்கிறது.