சினைக் கணவாயும் அடைக்கோழியும்

போன ஞாயிற்றுக்கிழமை உக்கடம் மீன் மார்க்கெட்டில் பேய்க்கணவாய், அதாவது எட்டுக் கை ஆக்டோபஸ், வந்திருந்தது. நம்ம ஊருக்கு எப்போதாவதுதான் வரும், அதனால் மூன்றை வாங்கினேன். "சுத்தம் பண்ணித் தரட்டுங்களாக்கா?" என்று கடைக்காரத் தம்பி கேட்டதற்கு வேண்டாம் என்றுவிட்டேன், விலங்கியல் படித்தவளுக்கு அதன் வயிற்றைத் தானே திறந்து பார்த்தால்தான் மனசு ஆறும்.

இரண்டு ஆண். வலப்பக்கம் முன்னாலிருந்து மூன்றாவது கையின் நுனியில் மட்டும் உறிஞ்சிகள் இருக்காது, வழவழவென்று சின்ன நாக்கு மாதிரி முடியும். அந்தக் கையால்தான் ஆண் விந்துப் பொட்டலத்தைப் பெண்ணின் உடம்புக்குள் வைக்கிறது. மூன்றாவது பெண். பையைப் புரட்டினதும் அடியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வெளிர்மஞ்சள் உருண்டை, கத்தி பட்டதும் குருணை அரிசி போல முட்டைகள் பிதுங்கி வந்தன. எண்ணி முடியாது. இந்த இனங்களில் ஒரு தாய் லட்சக்கணக்கில்கூட இடும், ஆனால் ஆயுசுக்கு ஒரே ஈடுதான்.

அம்முச்சி வீட்டில் அடைக்கோழி தினம் ஒரு தடவையாவது எழுந்து வந்து நாலு தானியம் பொறுக்கிவிட்டு ஓடும். கணவாய்த் தாய் அதுகூடச் செய்யாது. பொந்துக்குள் முட்டைச் சரங்களைத் தொங்கவிட்டு, துடைத்து, தண்ணீரை ஊதிக்கொண்டே கிடந்து, குஞ்சு பொரிக்கும் நேரத்தில் செத்துப்போகும். 1977இல் ஜெரோம் வோடின்ஸ்கி என்ற ஆய்வாளர் அடைகாத்த தாய்களின் கண்களுக்குப் பக்கத்திலிருக்கும் சுரப்பிகளை எடுத்துப் பார்த்தார். சுரப்பி போன தாய்கள் முட்டைகளை விட்டுவிட்டு மறுபடி இரை தின்றன, கூடுதல் நாள் வாழ்ந்தன. பட்டினியும் சாவும் அந்தச் சுரப்பி போட்ட கணக்கு என்று படித்த நாளிலிருந்து இந்தப் பிராணியை என்னால் சாதாரணமாகப் பார்க்க முடியவில்லை.

சரி, பிடிக்கிற விதத்துக்கு வருகிறேன். பாக் நீரிணைப் பக்கம் சிறு மீனவர்கள் காலிச் சங்குகளைக் கயிற்றில் வரிசையாகக் கட்டிக் கடலடியில் போட்டுவைப்பார்கள், கணவாய் வீடென்று நினைத்து உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். வலை கிழியாது, மற்ற மீனும் சாகாது, நல்ல முறைதான். ஆனால் முட்டையிட இடம் தேடும் தாய்க்கும் அதே சங்கு வேண்டுமே! அவளைத் தூக்கினால் அந்த ஒரே ஈடும் போய்விடுகிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடை இருக்கிறதே என்பீர்கள், அது விசைப்படகுகளுக்கானது, இந்தச் சங்குக்காரர்களுக்கு இல்லை. அவர்கள் பிழைப்பில் இன்னொரு தடையைப் போடச் சொல்லவும் எனக்கு மனசு வராது.

மடகாஸ்கரில் அந்தவதுவாக்கா என்ற ஊர் மக்கள் 2004இல் தாங்களே ஒரு திட்டுப் பாறையை யாரும் கணவாய் பிடிக்காதபடி சில மாதம் மூடிவைத்தார்கள், திறந்தபோது பெரிய பெரிய கணவாய் கிடைத்தது, பக்கத்து ஊர்களும் பின்பற்றின. ஒரு வருஷம் சொச்சம்தான் இதன் ஆயுசு, கிடுகிடுவென்று எடை போடும், அதனால் சின்ன ஓய்வே பலன் கொடுக்கிறது. நம்ம கடலிலும் முடியும் என்றே நினைக்கிறேன், ஆனால் எந்த மாதம் சினை அதிகம் என்று தெரியாமல் எந்த மாதத்தை மூடுவது?

அதனால் அந்தத் தம்பியிடம் பேசிவிட்டேன். பேய்க்கணவாய் வந்தால் வெட்டும்போது கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறான். நோட்டில் தேதி, எடை, ஆணா பெண்ணா, சினை உண்டா என்று நாலு கட்டம் போட்டு முதல் மூன்று கணவாயையும் எழுதியாயிற்று.