வன்னி வீதிகளுக்கு ஒரு ஸ்கிறாம்பிளர்: ஹொண்டா எஃப்.ரி.ஆர். 223 இல் இதுவரை செய்த வேலைகள்

ஜப்பானில் பாவிக்கப்பட்டு இங்கு வந்த ஹொண்டா எஃப்.ரி.ஆர். 223 மோட்டார் சைக்கிள் ஒன்றைப் பழைய காலத் தோற்றமுடைய ஸ்கிறாம்பிளராக, அதாவது தாரிலும் மண்ணிலும் ஓடக்கூடிய வண்டியாக, மாற்றும் வேலையைக் கிளிநொச்சியில் சிறிது சிறிதாகச் செய்துவருகிறேன். ஒரு மாற்றத்தைச் செய்து, அதை ஒரே வீதிகளில் ஓடிப் பார்த்து, பலன் தெரிந்த பின்னரே அடுத்ததைத் தொடுவது என்பது நான் வைத்துக்கொண்ட ஒழுங்கு. ஏ9 வீதியால் மாங்குளம் வரை சென்று, அங்கிருந்து மல்லாவிப் பக்கம் திரும்பி, அக்கராயன் ஊடாக உள்வீதிகளால் வீடு வருவதே பெரும்பாலும் என் சோதனைப் பாதை. இதில் அதிகமான தூரம் தார் வீதிதான். வயலுக்கும் குளக்கட்டுக்கும் போகும் கடைசித் துண்டுகள் மட்டுமே கிரவல். ஆகவே தாரில் நாளாந்தம் ஓடுபவருக்கு இந்த வகை வண்டி எவ்வளவு உதவும் என்பதே என் கேள்வி. காட்டுப் பாதையில் பாய்ந்து செல்வதற்கு இதைவிடப் பொருத்தமான வண்டிகள் இருக்கின்றன.

எஃப்.ரி.ஆர். 223 முதலில் 2000 ஆம் ஆண்டு ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. மண் தடத்தில் வட்டமாக ஓடும் அமெரிக்க பிளற் ட்ராக் பந்தய வண்டிகளின் சாயலில் அதை ஹொண்டா வடிவமைத்தது. காற்றால் குளிரும் ஒற்றைச் சிலிண்டர் 223 சி.சி. இயந்திரம் ஹொண்டாவின் எஸ்.எல். 230 வண்டியின் இயந்திரத்தின் வழிவந்தது, 65.5 மில்லிமீற்றர் சிலிண்டர் விட்டமும் 66.2 மில்லிமீற்றர் பிஸ்டன் அடிப்பும் (பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம்) கொண்டதால் கீழ்ச் சுழற்சியிலேயே இழுவை நன்றாகக் கிடைக்கிறது. பெற்றோல் தாங்கி 7.2 லீற்றர் மட்டுமே. 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர் ஏற்கனவே நாட்டில் இருந்த இத்தகைய வண்டிகளைப் பழுதுபார்த்து வைத்திருப்பதைத் தவிர எங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. அந்தக் காலத்தில்தான் இதன் எளிமையான அமைப்பின் அருமை எனக்கு முழுமையாக விளங்கியது.

ஸ்கிறாம்பிளர் என்னும் வகை, வீதி வண்டியைச் சற்று மாற்றி மண்ணிலும் ஓடக்கூடியதாக்கிய பழக்கத்திலிருந்து வந்தது. 1962 இல் ஹொண்டா வெளியிட்ட 250 சி.சி. சி.எல். 72 அப்படிப்பட்டதுதான், அதே ஆண்டில் அமெரிக்க ஓட்டவீரர் டேவ் எகின்ஸ் மெக்சிக்கோவின் டிஹுவானாவிலிருந்து லா பாஸ் வரை, ஏறத்தாழ 1,000 மைல் தூரத்தை, 40 மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவான நேரத்தில் அவ்வண்டியில் ஓடி முடித்தார். இன்றைய பழைய பாணி ஸ்கிறாம்பிளர்களின் நோக்கம் வேறு. 803 சி.சி. டுகாட்டி ஸ்கிறாம்பிளரின் பின் ரயர் 180/55-17 என்ற அளவுடையது (மில்லிமீற்றரில் அகலம், அகலத்தின் சதவீதமாக உயரம், அங்குலத்தில் றிம் விட்டம்). அது முழுக்க முழுக்க வீதி வண்டியின் அளவு. தொழிற்சாலைகளே இவ்வகையை வீதிக்கென்று செய்யும்போது, அந்தத் திசையிலேயே என் வண்டியையும் கொண்டுசெல்வது சரியென்று எண்ணுகிறேன்.

முதலில் எடுத்த வேலை முன் சில்லு. எஃப்.ரி.ஆர். இல் முன்னும் பின்னும் ஒரே அளவு, 120/90-18. பார்ப்பதற்கு வண்டியின் அழகே அந்தத் தடித்த முன் ரயரில்தான் இருக்கிறது. ஆனால் கிரவலில் அது மண்ணை வெட்டிப் பிடிக்காமல் மேலே மிதந்து போகிறது, தாரில் வளைவுக்குள் சாய்வதற்கும் தயங்குகிறது. 19 அங்குல றிம்மில் 100/90-19 ரயர் போடலாமா என்று கணக்குப் பார்த்தேன். பழைய ரயரின் முழு விட்டம் ஏறத்தாழ 673 மில்லிமீற்றர். புதியது 663 அளவில் வருகிறது. அதாவது வண்டியின் முன்பக்கம் 5 மில்லிமீற்றர் மட்டுமே தாழும், மட்காட்டிலும் முட்டாது. 90/90-21 போட்டால் முன்பக்கம் 11 மில்லிமீற்றர் உயர்ந்து வளைவுகளில் மேலும் மந்தமாகும் என்பதால், பார்வைக்கு எடுப்பாக இருந்தும் அதை விட்டுவிட்டேன். துளை எண்ணிக்கை ஒத்த றிம்மைக் கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் எடுப்பித்தேன். மூல ஹப், டிஸ்க் பிறேக் எல்லாம் அப்படியே இருக்க, ஆரைக்கம்பிகள் மட்டும் ஏறத்தாழ அரை அங்குலம் நீளமானவையாகத் தேவைப்பட்டன.

கம்பி கோர்த்தவர் பரந்தனில் நெடுங்காலமாகச் சில்லு வேலை செய்யும் ஒரு ஐயா. நான்கு நான்கு கம்பியாகக் குறுக்கே பின்னி, எல்லாவற்றையும் விரலால் முறுக்கிய பின்னரே கம்பி முறுக்கும் சாவியை எடுத்தார். றிம் ஓரத்தில் ஒரு ஆணியைத் தொடும் தூரத்தில் நிறுத்தி, சில்லைச் சுழற்றி, உரசும் இடத்தைச் சுண்ணக்கட்டியால் குறித்து, எதிர்ப்பக்கக் கம்பியைக் கால் சுற்றுக்கும் குறைவாகவே திருப்பினார். நான் ஒரு கம்பியை இறுக்கப் போனபோது, "தம்பி, பெலத்தைப் பார்த்து இறுக்காதேங்கோ, தட்டிச் சத்தத்தைக் கேட்டு இறுக்குங்கோ" என்றார். ஒரே பக்கத்துக் கம்பிகள் எல்லாம் சாவியால் தட்டும்போது ஏறத்தாழ ஒரே சுருதியில் ஒலிக்கவேண்டும். மந்தமாக ஒலிப்பது தளர்ந்திருக்கிறது. சில நாட்கள் ஓடியபின் கம்பிகள் தங்கள் இடத்தில் அமர்ந்து மீண்டும் சிறிது தளரும் என்றும், அப்போது கட்டாயம் கொண்டுவரவேண்டும் என்றும் சொல்லியனுப்பினார். அவர் சொன்னபடியே நடந்தது.

இந்த ஒரு மாற்றத்தால் வண்டியின் குணமே மாறிவிட்டது. அக்கராயன் பக்கக் கிரவலில் லொறிகள் அரைத்த வரி வரியான மேடுகளின் மேல் முன்சில்லு தன் கோட்டை விடாமல் போகிறது. தாரில் கைபிடியைத் தொட்டாலே சாய்கிறது. பழைய பாணி வண்டியொன்றை மாற்ற எண்ணுபவர்கள் பணத்தை முதலில் சில்லில் செலவழிக்கவேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன்.

ரயரின் பூவேலைப்பாடு பற்றியும் சொல்லவேண்டும். பெரிய கட்டைகளும் அகன்ற இடைவெளியுமுள்ள ரயர் ஸ்கிறாம்பிளர் தோற்றத்துக்கு எடுப்பாக இருக்கும். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த தாரில் பிறேக் பிடிக்கும்போது தரையைத் தொடும் றப்பரின் பரப்பு குறைவாக இருப்பதும், கட்டைகள் அசைந்து கொடுப்பதும் உடனே கையில் தெரிகிறது. ஆகவே கட்டைகள் நெருக்கமாக அமைந்த, தாருக்கு முன்னுரிமை தரும் வகையையே தெரிவு செய்தேன். காற்று முன்னுக்கு 22, பின்னுக்கு 25 இறாத்தல். மணலில் குறைத்தால் நல்லது என்பார்கள். ரியூப் உள்ள சில்லில் அளவுக்கு மீறிக் குறைத்தால் பிறேக் பிடிக்கும்போது றிம்மின் மேல் ரயர் சுழன்று வால்வின் அடியைக் கிழித்துவிடும். காலபோக அறுவடைக்குப் பின் வீதியின் அரைவாசியில் நெல் காயப்போட்டிருக்கும் நாட்களில் எந்த ரயரும் உதவாது. சிதறிக் கிடக்கும் மணிகளின் மேல் வண்டியை நிமிர்த்தி, பிறேக்கைத் தொடாமல், கியரில் வேகத்தைக் குறைத்துக் கடப்பதே பாதுகாப்பு.

உயர்த்திய சைலென்சர் வேண்டாம் என்று முடிவு செய்தேன். தண்ணீரிலும் கட்டைகளிலும் படாதபடி குழாயை மேலேற்றும் வழக்கத்துக்கு மண் ஓட்டத்தில் காரணம் உண்டு, சி.எல். 72 இல் இரண்டு குழாய்களும் இடப்பக்கத்தால் மேலேறிச் செல்லும். இங்கோ சேலை கட்டியவர்கள் பின்னால் ஒருபக்கமாக இருந்து, கால்களை இடப்பக்கம் வைத்தே பயணம் செய்கிறார்கள். அந்தக் காலுக்கருகே சூடான குழாயைக் கொண்டுபோவதை நான் ஏற்கமாட்டேன். மூல சைலென்சரையே வைத்து, துவாரமிட்ட தகட்டால் வெப்ப மறைப்பு மட்டும் செய்வித்தேன். சத்தமும் கூடவில்லை, பொலிஸ் மறிக்கும் இடத்தில் விளக்கம் சொல்லவேண்டிய தேவையும் இல்லை.

காற்று வடிகட்டிப் பெட்டியைக் கழற்றிவிட்டுக் காபரேற்றரின் வாயில் சிறிய கூம்பு வடிகட்டியைப் பொருத்துவது இப்போது எங்கும் காணப்படும் மாற்றம். சட்டத்தின் நடுப்பகுதி வெறுமையாகி, படத்தில் மிக அழகாகத் தெரியும். வன்னியில் ஆடி மாதச் சோளகத்தில், அதாவது தென்மேற்குக் காற்றில், எழும் செம்மண் புழுதியை நினைத்தாலே இதற்கு இடமில்லை என்பது விளங்கும். புழுதி உள்ளே போனால் பிஸ்டனும் வளையங்களும் தேயும். காற்றின் அளவு மாறுவதால் காபரேற்றரில் பெற்றோலின் அளவைத் தீர்மானிக்கும் ஜெற்றுகளையும் மாற்றவேண்டிவரும். பெட்டியைத் தொடவே இல்லை. அதன் மூடி விளிம்பில் புதிய றப்பர் வார் ஒட்டினேன். முன் சொக் அப்சோபரின் குழாய்களுக்கு மடிப்புள்ள றப்பர் உறை போட்டது தோற்றத்துக்கும் நல்லது, ஒயில் சீல்களுக்கும் நல்லது.

கைபிடியில் இன்னும் எனக்குத் திருப்தியில்லை. அகலமான கைபிடி கிரவலில் எழுந்து நின்று ஓட்டும்போது அருமையானது. பரந்தனைத் தாண்டி ஆனையிறவு வெளியில் சோளகம் பக்கவாட்டில் அடிக்கும்போது, விரித்த கைகளும் நெஞ்சும் காற்றை அப்படியே வாங்கி, வண்டியை எதிர்ச்சாய்வில் பிடித்துக்கொண்டே போகவேண்டியிருக்கிறது. இருபுறமும் 20 மில்லிமீற்றர் வெட்டியதில் சிறிது குறைந்தது. இதற்கு மேல் வெட்டினால் கிளச், பிறேக் பிடிகளுக்கு இடம் போதாது. அடுத்ததாகச் சற்றுத் தாழ்ந்த வளைவுள்ள கைபிடி ஒன்றைத் தேடுகிறேன்.

இயந்திரம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மணிக்கு 60 முதல் 75 கிலோமீற்றர் வரை இலகுவாக ஓடுகிறது. 90 ஐ நெருங்கும்போது கால்வைப்பில் நடுக்கம் ஏறுகிறது. ஏ9 இல் மாடுகள் படுத்திருக்கும் இரவுகளில் அதற்கு மேலான வேகம் எவருக்கும் தேவையில்லை.

சீற்றைக் கிளிநொச்சியில் ஓட்டோ இருக்கைகள் தைக்கும் கடையில் தட்டையாகச் செய்வித்தாயிற்று. பின் மட்காட்டைக் குறுக்கவில்லை. மாரிக்கு முன் முடிக்கவேண்டியவை இன்னும் இருக்கின்றன: பின் சொக் அப்சோபரைச் சற்று இறுக்கமான ஸ்பிறிங்குடன் மாற்றுவது, பின்னால் இருப்பவர் பிடிப்பதற்கு ஒரு கம்பி வளையம் வெல்டிங் செய்யாமல் போல்ற்றால் பூட்டுவது, பின் டிரம் பிறேக்கின் சூக்களைக் கழற்றிப் பார்ப்பது. வீதியை மேவித் தண்ணீர் பாயும் இடங்களைக் கடந்த பின்னர் டிரம் நனைந்து பிடிப்பை இழக்கும் என்பதால், அந்தக் கடைசி வேலையைத்தான் முதலில் எடுக்கவிருக்கிறேன்.