சுழல் கட்டில் குறிப்புகள்

பிப்ரவரி 11
ஜார்ஜ் ஃபேதோ எழுதிய 'லா பூஸ் ஆ லொரேய்' என்ற பிரெஞ்சுச் சிரிப்பு நாடகத்துக்கான மேடைக் கட்டில் இன்றும் பாதியில் நின்றுவிட்டது. பொத்தானை அழுத்தியதும் சுவரோடு சேர்ந்து சுழன்று, கட்டிலில் இருப்பவரைப் பக்கத்து அறைக்குக் கொண்டுபோய், அங்கே படுத்திருக்கும் வாதநோய்க் கிழவரை இங்கே கொண்டுவர வேண்டும். பின்னால் நின்று தள்ளுவது நான்தான். ஒரு சக்கரம் கிரீச்சிடுகிறது.

பிப்ரவரி 12
தேங்காய் எண்ணெய் விட்டேன். சத்தம் போகவில்லை.

பிப்ரவரி 15
நாடகத்து நாயகி ரேமோந்தைச் சந்தேகப் பேயாக நடிக்கச் சொல்கிறார்கள், எனக்கு மனசு ஆறவில்லை. புருஷன் ஷாந்த்பீஸுக்கு உடம்பு ஒத்துழைக்கவில்லை, கட்டிலில் ஒதுங்கிப் படுக்கிறான், காரணத்தை டாக்டரிடம் சொல்கிறவன் பெண்டாட்டியிடம் வாய் திறப்பதில்லை. அவளுக்கு வந்து சேர்வது தபாலில் ஒரு பொட்டலம். பாரிஸ் பக்கத்து மோந்த்ரெத்துவில் ஒரு மாதிரியான ஓட்டலிலிருந்து, அவனுடைய கால்சட்டைத் தோள்வார். அதை அவன் சொந்தக்காரப் பையன் கமீய்க்குக் கொடுத்துவிட்டான், ஓட்டலில் விட்டுவந்தது கமீய், இதெல்லாம் அவளுக்கு எப்படித் தெரியும்? சிநேகிதி லூசியேன் கையால் வாசனைக் காகிதத்தில் காதல் கடிதம் எழுதவைத்து அவனை அதே ஓட்டலுக்கு வரச்சொல்லிப் பார்க்கிறாள். அவனோ, நம்மை யார் காதலிக்கப் போகிறார்கள், நண்பன் தூர்னெலுக்கு வந்ததாக இருக்கும் என்று நினைக்கிறான். அந்த இடத்தில் எல்லோரும் சிரிக்கிறார்கள். எனக்குத் தொண்டை அடைக்கிறது. அப்புறம் கடிதத்தை லூசியேன் புருஷனிடமே காட்டுகிறான், அந்தப் புருஷன் பெண்டாட்டியின் கையெழுத்தை அடையாளம் கண்டு துப்பாக்கியைத் தூக்குகிறான். வாய்விட்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இத்தனை கதவு திறந்து மூட வேண்டியதில்லை.

பிப்ரவரி 16
வீட்டில் என்னவரின் டிராயர் இன்றும் பூட்டியிருக்கிறது. கேட்டால் "ஒண்ணுமில்லை" என்கிறார்.

பிப்ரவரி 20
ஷாந்த்பீஸும் ஓட்டல் வேலைக்காரன் போஷும் ஒரே நடிகர். இந்தக் கதவில் முதலாளியாக வெளியே வந்து அந்தக் கதவில் வேலைக்காரனாக நுழைய வேண்டும். சீருடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அவர் கழுத்தெல்லாம் வியர்வை, பித்தளைப் பொத்தான் என் விரலில் வழுக்குகிறது, இருட்டில் ஒரு பொத்தான் மாறிவிட்டால் போச்சு. இன்று மாறவில்லை.

பிப்ரவரி 23
பாரிஸின் சேன்-லசார் நிலையத்தில் ரயில் மாறினேன். 1909இல் வீட்டைவிட்டு வந்த ஜார்ஜ் ஃபேதோ இந்த நிலையத்தை ஒட்டிய தெர்மினுஸ் ஓட்டலில்தான் பல வருஷம் குடியிருந்தார். 1907 மார்ச் 2இல் நூவோத்தே அரங்கில் இந்த நாடகம் மேடையேறி இரண்டே வருஷத்தில். ராத்திரி அறைக்குத் திரும்பினால் யாரோடு பேசியிருப்பார்? இரண்டு ரயிலை விட்டுவிட்டேன். என்னவரிடம் டிராயரைப் பற்றி நேராகக் கேட்டுவிட வேண்டும். சண்டையாக இல்லை, பக்கத்தில் உட்கார்ந்து.

பிப்ரவரி 24
கேட்கவில்லை.

பிப்ரவரி 27
சக்கரத்தையே மாற்றிவிட்டார்கள். கட்டில் சத்தமில்லாமல் சுழன்றது! கிழவராக நடிப்பவர் திரும்பி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

பிப்ரவரி 28
டிராயர் சாவி சாப்பாட்டு மேசைமேல் இருக்கிறது. அவர் இன்னும் எழுந்திருக்கவில்லை.