அபராதச் சீட்டில் காவல்துறையின் செலவையும் சேர்க்கலாமா?

போக்குவரத்து விதியை மீறுபவரிடம் அபராதத்தோடு சேர்த்துக் காவல்துறையின் செலவுக்கென்று ஒரு கூடுதல் தொகையையும் வசூலிக்கலாம் என்ற பேச்சு, கோவையிலும் திருப்பூரிலும் நெரிசல் கூடக்கூட என் நண்பர்களிடையே அடிக்கடி எழுகிறது. "தப்புச் செய்தவன்தானே கட்டப் போகிறான், ஒழுங்காக ஓட்டுகிறவனின் வரிப்பணம் எதற்கு?" என்று கேட்கிறார்கள். நல்லெண்ணத்தில்தான் கேட்கிறார்கள். ஆனாலும் அந்த வழியில் நாம் போகவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

காவல்துறைக்குப் பணம் தேவையில்லை என்று நான் சொல்ல வரவில்லை. கோவையின் எந்தச் சந்திப்பில் நின்று பார்த்தாலும் பேரிகார்டுகளில் நகைக்கடையின் பெயரோ தனியார் மருத்துவமனையின் பெயரோ எழுதியிருக்கும். சாலையின் நடுவே வைக்கும் இரும்புத் தடுப்பைக்கூட ஒரு கடைக்காரரின் நன்கொடையில் வாங்க வேண்டிய நிலை சரியானதல்ல. தலைமைக் காவலராக இருந்து ஓய்வு பெற்ற என் மாமா, ரோந்து வண்டிக்குச் சொந்தக் காசில் பெட்ரோல் போட்ட நாள்களைப் பற்றி இன்றும் வருத்தத்தோடு பேசுவார். இந்த யோசனையைச் சொன்னதும் அவர் முகம் மாறியது. "மாப்ளே, கேஸ் போட்டாத்தான் ஸ்டேசனுக்குக் காசுன்னு வெச்சுட்டா, சிக்னல்ல நிக்கறவன் டிராபிக்கப் பாப்பானா, தலையில ஹெல்மெட் இல்லாதவனத் தேடிட்டு நிப்பானா?" என்று கேட்டார். அவருடைய கேள்வியின் நியாயத்தைப் பிற நாடுகளின் அனுபவம் காட்டுகிறது.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் சிவப்பு விளக்கைத் தாண்டியதற்கான அடிப்படை அபராதம் 100 டாலர். கட்ட வேண்டிய தொகையோ ஏறத்தாழ 490 டாலர். அடிப்படைத் தொகையின் ஒவ்வொரு 10 டாலருக்கும் மாநிலத்துக்கு 10 டாலர், மாவட்ட நிர்வாகத்துக்கு 7 டாலர், அதற்கு மேல் 20 சதவீத கூடுதல் வரி (சர்சார்ஜ்), நீதிமன்றச் செலவுக்கென்று 40 டாலர், இவை போதாமல் டிஎன்ஏ சோதனை நிதி, அவசர மருத்துவ நிதி என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி வைத்திருக்கிறார்கள். யாரும் இதை ஒரே நாளில் செய்துவிடவில்லை. பற்றாக்குறை வந்தபோதெல்லாம், பொதுவரியை உயர்த்தும் துணிவில்லாதவர்களுக்கு அபராதச் சீட்டு கைக்கு எட்டியது. கட்ட முடியாதவர்களின் ஓட்டுநர் உரிமம் முடக்கப்பட்டது. உரிமம் போனதும் வேலை போனது. வேலை போனபின் அபராதத்தைக் கட்டுவது இன்னும் எட்டாததாயிற்று. கட்டாத போக்குவரத்து அபராதத்துக்காக உரிமத்தை முடக்கும் வழக்கத்தை அந்த மாநிலமே 2017இல் கைவிட்டது.

இதைவிடக் கொடுமையான அனுபவம் மிசௌரி மாநிலத்தின் பெர்குசன் நகரத்தினுடையது. ஏறக்குறைய 21,000 பேர் வாழும் சிறிய ஊர். அங்கே 2014இல் ஒரு கறுப்பின இளைஞர் காவலரால் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, அமெரிக்க நீதித்துறை அமைச்சகம் விசாரித்து 2015 மார்ச்சில் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2010 நிதியாண்டில் சுமார் 13.8 லட்சம் டாலராக இருந்த அபராத, கட்டண வருவாய், 2015 நிதியாண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் 30.9 லட்சம் டாலராக மதிப்பிடப்பட்டிருந்தது. நகரத்தின் பொது வருவாயில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் அது. ஆண்டு முடிவதற்குள் வழக்குகளை நன்றாகக் கூட்டினால்தான் அடுத்த ஆண்டு வசூல் உயரும் என்று நகரத்தின் நிதி அதிகாரி காவல் தலைவருக்கே எழுதியிருந்தார். அந்த அறிக்கையில் வரும் ஒரு பெண்ணின் கதையை என்னால் மறக்க முடியவில்லை. 2007இல் வண்டியைத் தவறான இடத்தில் நிறுத்தியதற்காக அவருக்கு விதிக்கப்பட்டது 151 டாலரும் அதன்மேல் கட்டணங்களும். வறுமையில் இருந்த அவர் நீதிமன்றத் தேதிகளைத் தவறவிட்டார். தவறவிட்ட ஒவ்வொன்றுக்கும் புதிய கட்டணம் ஏறியது. 25 டாலர், 50 டாலர் என்று பகுதி பகுதியாகக் கட்ட முன்வந்தபோது நீதிமன்றம் அதை வாங்காமல் திருப்பி அனுப்பியது. ஆறு நாள் சிறையில் இருந்தார். 2014 இறுதிக்குள் 550 டாலர் கட்டியிருந்தார். அப்போதும் அவர் பெயரில் 541 டாலர் பாக்கி நின்றது.

அந்த ஊர்க் காவலர்கள் பிறவியிலேயே கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. வருமானம் எங்கிருந்து வருகிறதோ அந்தப் பக்கமே கவனமும் போகும். இந்த ஆபத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1927லேயே கண்டுகொண்டது. ஒகையோ மாநிலத்தின் ஓர் ஊரில் மேயரே நீதிபதியாக அமர்ந்து மதுவிலக்கு வழக்குகளை விசாரித்தார். குற்றம் உறுதியானால் மட்டுமே அவருக்குச் செலவுத் தொகை கிடைக்கும் என்ற ஏற்பாடு இருந்தது. டியூமி என்பவர்மீது நடந்த வழக்கில் மேயருக்குக் கிடைத்தது 12 டாலர்தான். அந்தச் சிறு தொகைகூட நடுநிலையைக் கெடுக்கும் என்று சொல்லித் தீர்ப்பையே ரத்து செய்தார்கள்.

பிரிட்டனில் 2000இலிருந்து, வேகக் கேமராக்களுக்கு ஆகும் செலவைக் கேமரா அபராதத்திலிருந்தே எடுத்துக்கொள்ளக் காவல்துறைக்கும் உள்ளாட்சிகளுக்கும் அனுமதி தந்தார்கள். விபத்துகள் நடந்த இடத்தில்தான் கேமரா வைக்க வேண்டும், அது ஓட்டுநரின் கண்ணில் படும்படி இருக்க வேண்டும் என்ற கண்டிப்பான நிபந்தனைகள் இருந்தும், வருமானத்துக்காகவே வைக்கிறார்கள் என்ற மக்களின் சந்தேகம் ஓயவில்லை. 2007இல் அந்தத் தொடர்பை அறுத்துவிட்டுச் சாலைப் பாதுகாப்புக்குத் தனி மானியம் கொடுக்கத் தொடங்கினார்கள்.

நம் சட்டத்துக்கு வருகிறேன். நம் நாட்டில் அபராதப் பணம் அரசின் தொகுப்பு நிதிக்குப் போகிறது. சட்டமன்றத்தின் ஒப்புதல் இல்லாமல் அதிலிருந்து செலவு செய்ய முடியாது. இது வெறும் கணக்கு நடைமுறையாகத் தோன்றலாம். ஆனால் தண்டிக்கும் கையையும் செலவு செய்யும் கையையும் பிரித்து வைக்கும் சுவர் அதுதான். கூடுதல் தொகைக்குக் கட்டணம் என்று பெயர் வைத்தாலும் சிக்கல் தீராது. வரிக்கும் கட்டணத்துக்கும் உள்ள வேறுபாட்டை உச்ச நீதிமன்றம் 1954இல், அன்றைய சென்னை மாநிலத்திலிருந்து போன சிரூர் மடம் வழக்கில் விளக்கியது: செலுத்துபவருக்குக் கிடைக்கும் சேவையோடு தொடர்புடையதே கட்டணம். பிற்காலத் தீர்ப்புகள் அதைத் தளர்த்தியிருந்தாலும், வண்டியை மறித்து வழக்குப் போடுவதை அந்த ஓட்டுநருக்குச் செய்த சேவை என்று எப்படிச் சொல்வது?

அபராதத் தொகை போதவில்லை என்பதுதான் வாதம் என்றால், அதற்கும் சட்டத்தில் ஏற்கெனவே இடமிருக்கிறது. 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் அபராதங்களைப் பல மடங்கு உயர்த்தியதோடு, 210ஏ பிரிவின் வழியாக அவற்றை ஒன்று முதல் பத்து மடங்கு வரை பெருக்கும் அதிகாரத்தையும் மாநிலங்களுக்குக் கொடுத்திருக்கிறது. தமிழ்நாடு 2022 அக்டோபரில் புதிய தொகைகளை நடைமுறைப்படுத்தியபோது, நூறு ரூபாயாக இருந்த ஹெல்மெட் அபராதம் ஆயிரம் ஆனது. ஆபத்தான பழக்கத்தைத் தடுக்க அந்த உயர்வு தேவை என்றே நானும் கருதுகிறேன். அந்த ஓராண்டில் மட்டும் தமிழ்நாட்டில் 64,105 விபத்துகள் பதிவாயின. 17,884 பேர் இறந்தார்கள்.

ஆனால் அந்த ஆயிரம் ரூபாய் யாருக்கு என்னவாகிறது என்பதையும் பார்க்க வேண்டும். திருப்பூரில் பனியன் கம்பெனித் தொழிலாளிக்குச் சனிக்கிழமைதான் சம்பளம். எங்கள் தெருவில் ஓவர்லாக் தைக்கும் ஒரு தம்பி, காவலரின் கை மெஷினிலிருந்து வந்த சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை மாலை அது. "தப்பு என்னுதுதானுங்கண்ணா, கட்டீருவன். நாளைக்குச் சம்பளத்துல மளிகைக் கடைக்குத்தான் பாக்கி சொல்லோணும்" என்றார். தவற்றை ஒப்புக்கொள்ளும் ஒருவரின் சீட்டில், காவல் நிலைய மின்கட்டணத்துக்கும் சேர்த்து இன்னொரு முந்நூறு ரூபாயை ஏற்ற எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை. சொகுசுக் கார் வைத்திருப்பவருக்கும் அதே முந்நூறுதான். நாமக்கல், சங்ககிரி லாரிக்காரர்களோ, வண்டியை நிறுத்தாமலே ஆன்லைனில் வழக்குப் போடுகிறார்கள் என்று இப்போதே குமுறுகிறார்கள். ஒவ்வொரு வழக்கிலும் காவல்துறைக்குப் பங்கு உண்டு என்றாகிவிட்டால், நேர்மையாகப் போடும் வழக்கையும் அவர்கள் நம்பமாட்டார்கள்.

இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். அபராதம் தன் வேலையைச் சரியாகச் செய்தால் மீறல் குறையும், வசூலும் குறையும். எல்லோரும் ஹெல்மெட் போட்டுக்கொண்டு போகும் ஊரில் அந்த வருமானத்தை நம்பிய காவல் நிலையம் எதைக் கொண்டு நடக்கும்? ரோந்தும் விபத்து மீட்பும் எல்லோருக்குமான பணிகள். வருடம் முழுவதும் ஒரு விதியையும் மீறாதவருக்கும் நள்ளிரவில் பெருந்துறை புறவழிச்சாலையில் வண்டி கவிழ்ந்தால் காவலர் வரத்தான் வேண்டும். அதற்கான செலவை எல்லோரும் பொதுவரியிலிருந்து ஏற்பதே முறை.

எனவே, பேரிகார்டு, பெட்ரோல், கை மெஷின், வெயிலில் நிற்பவர்களுக்கான நிழற்கூடம் ஆகியவற்றுக்கான தொகையை மாநில வரவு செலவுத் திட்டத்தில் போக்குவரத்துக் காவலுக்கென்று தனித் தலைப்பில், வசூலோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் ஒதுக்க வேண்டும். சாலை அமைப்பில் தரம் தவறும் ஒப்பந்ததாரர்மீதும் பொறுப்பான அமைப்பின்மீதும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க அதே திருத்தச் சட்டத்தின் 198ஏ பிரிவு இடம் தருகிறது; வெள்ளைக்கோடு இல்லாத வேகத்தடையில் ஒருவர் விழுந்து இறக்கும்போது அந்தப் பிரிவையும் பயன்படுத்த வேண்டும். கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம், நாமக்கல், கரூர் ஒவ்வொன்றிலும் எந்த இடத்தில், எந்த மீறலுக்கு, எத்தனை வழக்குகள் போடப்பட்டன, அதே இடங்களில் எத்தனை விபத்துகள் நடந்தன என்ற விவரத்தை மாதந்தோறும் பொதுவில் வெளியிட வேண்டும். எங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினருக்கு இந்த மூன்றையும் கேட்டு எழுதியிருக்கிறேன். உங்கள் தொகுதியிலும் எழுதுங்கள்.